‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’... சரி, அன்றைய கூலியை யார் கொடுப்பது? குடா இல்லாத மரக்காணம் கரையின் கணக்கு

அக்டோபர் பிறந்தால் போதும், திண்டிவனம், விழுப்புரம் வாட்ஸ்அப் குரூப்களில் இரண்டு விஷயம் சுற்ற ஆரம்பித்துவிடும். ஒன்று, ‘நாளைக்கு ஸ்கூல் லீவா?’. இன்னொன்று, சென்னை வானிலை ஆய்வு மைய அறிக்கையின் கடைசியில் வரும் அந்தப் பத்தி: சூறாவளிக் காற்று மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்தில் வீசக்கூடும், இடையிடையே 65 கி.மீ. வரை போகலாம், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம். முதல் விஷயத்துக்குப் பதில் கிடைக்கும்வரை குரூப்பே தூங்காது. இரண்டாவதை முக்கால்வாசிப் பேர் ஸ்க்ரோல் செய்து தாண்டிவிடுவார்கள்.

திண்டிவனத்தில் பஸ் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் மரக்காணம். அங்கே அந்தக் கடைசிப் பத்திதான் தலைப்புச் செய்தி. மறுநாள் அடுப்பு எப்படி எரியும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. ரெட் அலர்ட் வந்தால் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கு ‘ஒர்க் ஃப்ரம் ஹோம்’. அரசு ஊழியருக்கு உள்ளூர் விடுமுறை. இரண்டு பேருக்குமே சம்பளம் வந்துவிடும். ஃபைபர் படகில் போகிறவருக்கு அன்றைக்கு வருமானம் பூஜ்யம். படகை மேட்டுக்கு இழுக்க டிராக்டர் வைத்தால், அது கைக்காசு.

எச்சரிக்கை கொடுப்பதில் தப்பே இல்லை. கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கி புயல் கன்னியாகுமரியில் காட்டிவிட்டுப் போனது. கேள்வி அதற்கு அடுத்தது. ‘போகாதே’ என்று அரசு சொல்லும் நாளின் கூலி யார் கணக்கில் எழுதப்படுகிறது? இப்போதைக்கு அது முழுக்க மீனவர் கணக்கில்தான் ஏறுகிறது. விழுப்புரம் மாவட்டக் கரையைப் பொறுத்தவரை இந்த அநியாயம் கொஞ்சம் கூடுதல். அதற்குக் காரணம் இந்தக் கடற்கரையின் வடிவம்.

குடா இருந்தால் என்ன வித்தியாசம்?

மொபைலில் மேப்பைத் திறந்து பாருங்கள். சென்னையில் இருந்து புதுச்சேரி வரை கரை கிட்டத்தட்ட ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும். உள்ளே வளைந்து போகும் இடமோ, காற்றை மறைக்கும் மலையோ, முன்னால் தடுக்கும் தீவோ கிடையாது. வங்கக்கடலில் எங்கே அலை கிளம்பினாலும் நேராக வந்து மணலில் மோதும்.

இப்போது கீழே, இலங்கையின் கிழக்குக் கரைக்கு வாருங்கள். திருகோணமலை. நிலம் கடலைக் கையால் அணைத்துப் பிடித்த மாதிரி ஒரு குடா. உள்ளே ஆழம் இருக்கிறது, சுற்றிலும் உயரமான நிலம் இருக்கிறது. வெளியே வாடைக் காற்று ஆட்டம் போட்டாலும் உள்ளே கப்பல் நங்கூரம் போட்டு நிற்கலாம். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று அதைச் சொல்வது சும்மா இல்லை.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பாம்பன் பக்கம் வடக்கே பாக் நீரிணைக் கடல், தெற்கே மன்னார் வளைகுடா. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் தெற்குப் பக்கம் கொந்தளிக்கும்போது வடக்குப் பக்கம் ஓரளவு அடங்கியிருக்கும். வடகிழக்குப் பருவத்தில் நிலைமை தலைகீழ். அந்தப் பக்கத்து மக்கள் ஒன்றைப் பெண்கடல் என்றும் இன்னொன்றை ஆண்கடல் என்றும் பிரித்துச் சொல்வது இந்தக் குணத்தை வைத்துத்தான். அங்கேயும் கஷ்டம் நிறைய இருக்கிறது, வேறு மாதிரிக் கஷ்டங்கள். ஆனால் காற்றைப் பார்த்துக் கடலை மாற்றிக்கொள்ள ஒரு வழியாவது உண்டு.

மரக்காணத்தில் இருப்பது ஒரே கடல். அது முடியாது என்றால் முடியாது. ஒதுங்க இடமில்லை, மாற்றிப் போக இன்னொரு பக்கமும் இல்லை.

கப்பல்களே பயந்து ஓடிய கரை

இந்தக் கரையின் இந்தக் குறையை மீனவர்கள் அளவுக்கு அனுபவித்துத் தெரிந்துகொண்ட இன்னொரு கூட்டம், 18-ம் நூற்றாண்டின் ஐரோப்பியக் கடற்படைகள். சென்னை, புதுச்சேரி இரண்டிலுமே அப்போது துறைமுகம் என்று ஒன்று கிடையாது. கப்பல் வெளியே ஆழத்தில் நிற்கும். ஆட்களும் சரக்கும் மசூலாப் படகில் அலையைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகு அது. அலையில் அடிபட்டாலும் வளைந்து கொடுக்கும், பிளக்காது. கட்டுமரமும் இதே அலைக்காகப் பிறந்ததுதான். அந்தத் தமிழ்ச் சொல் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்த கதை தெரிந்ததே.

அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவம் தொடங்கும் முன்பே பெரிய கப்பல்கள் சோழமண்டலக் கரையைக் காலி செய்துவிடும். அந்த வழக்கத்தை மீறியவர்கள் விலை கொடுத்தார்கள். 1746 செப்டம்பரில் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா போர்தொனே, அக்டோபர் நடுப்பகுதி வரை அங்கேயே நின்றார். 13, 14 தேதிகளில் வந்த புயல் அவருடைய கப்பல் படையைச் சிதைத்துப் போட்டது. அடுத்த அடி ஆங்கிலேயர்களுக்கு. புதுச்சேரியை முற்றுகையிட்டுக்கொண்டு பருவம் முழுக்க வெளியே நின்ற அவர்களின் கப்பல்களை 1761 ஜனவரி 1-ம் தேதி ஒரு புயல் அடித்தது. சில கப்பல்கள் ஆட்களோடு மூழ்கின, சில கரையில் தூக்கி வீசப்பட்டன. இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். புதுச்சேரி அந்த மாதமே சரணடைந்துவிட்டது, அது தனிக்கதை. ஆனால் ஒதுங்க ஒரு குடா இல்லாத கரையில் கடற்படை நிறுத்துவது எவ்வளவு பெரிய சூதாட்டம் என்று இரண்டு தரப்புக்கும் புரிந்துவிட்டது. திருகோணமலைக்காக இரண்டு பேரும் அப்படி அடித்துக்கொண்டதற்கு இதுதான் அடிப்படை. 1782-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள், 1795-ல் ஆங்கிலேயர்கள் வந்தார்கள்.

இன்னொரு சாட்சி மரக்காணத்திலேயே முடிகிறது. பக்கிங்காம் கால்வாய். ஆந்திரத்தில் இருந்து கரையை ஒட்டியே கிளம்பி வரும் இந்த நீர்வழியின் தென்கோடி மரக்காணம்தான். 1877-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக நீட்டப்பட்டு, அப்போதைய சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைப் பெற்றது. பக்கத்திலேயே கடல் இருக்கும்போது எதற்காக இவ்வளவு நீளத்துக்கு ஒரு கால்வாய்? உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் அந்தக் கடலில் இறங்காமல் போய்ச் சேர ஒரு பாதை வேண்டியிருந்தது. குடா இல்லாத கரைக்கு மனிதன் போட்ட பைபாஸ் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதற்காக இங்கே பழைய காலத்தில் துறையே இல்லை என்று நினைக்க வேண்டாம். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அந்த நூலின் தலைவன் நல்லியக்கோடனின் ஊரான கிடங்கில், இன்றைய திண்டிவனத்துக்குள்ளேயே இருக்கிறது. எயிற்பட்டினத்துக்குப் பின்னால் இருந்தது கழுவேலி, அதைக் கடலோடு இணைக்கும் முகத்துவாரம். இந்தக் கரையில் ஒதுங்கும் இடம் என்று இயற்கை கொடுத்தது அது ஒன்றைத்தான். அதுவும் சிறு படகுகளுக்கு மட்டும், மணல் விட்டுக்கொடுக்கிற நாள்களில் மட்டும். கழுவேலிக்குப் பிறகு திரும்பி வருவோம்.

ஒரு வருஷத்தில் இந்தக் கடல் எப்படி மாறுகிறது?

ஸ்கூல் புத்தகத்தில் பருவம் நான்கு. கரையில் பருவத்தைப் பெயர் சொல்லிப் பிரிப்பது காற்று. வடக்கில் இருந்து வந்தால் வாடை. கிழக்கே கடலில் இருந்து மழையைக் கூட்டிக்கொண்டு வந்தால் கொண்டல். மேற்கே நிலத்தில் இருந்து சூடாக வந்தால் கச்சான். தண்ணீருக்கு அடியில் ஓடும் ஓட்டத்துக்கும் பெயர் உண்டு. தெற்கில் இருந்து வடக்கே இழுத்தால் தெண்டி, வடக்கில் இருந்து தெற்கே இழுத்தால் வன்னி. வலை எந்தப் பக்கம் இழுபடும் என்பதை இந்த ஓட்டம்தான் சொல்லும்.

பொங்கல் தாண்டி பிப்ரவரி, மார்ச் வரைதான் இந்தக் கடல் கொஞ்சம் சமர்த்தாக இருக்கும் காலம். ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்கு மேல் தென்காற்று வலுக்கும். காலையில் கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் மூன்று மணிக்கு நுரை தள்ளும். திண்டிவனத்தில் கத்தரி வெயிலில் சாயங்காலம் திடீரென ஒரு காற்று வந்து ‘அப்பாடா’ என்று இருக்குமே, அந்தக் கடல்காற்றுதான் இங்கே படகை ஆட்டுகிறது. இதே மாதங்களில் இன்னொரு வில்லனும் உண்டு: கள்ளக்கடல். ஆயிரக்கணக்கான கிலோ மீட்டர் தள்ளி, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடிக்கும் புயலில் பிறந்த அலை, சில நாள் கழித்து நம் கரையில் வந்து ஏறும். இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தது இப்படி ஒரு கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்த நாளில்தான். ஈ.சி.ஆர். பக்கம் வீக்எண்ட் போகிறவர்கள் ‘வெயில் நல்லா அடிக்குது, ஒண்ணும் ஆகாது’ என்று கடலில் இறங்குவதற்கு முன்னால், ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் அலை எச்சரிக்கையை ஒருமுறை பார்ப்பது நல்லது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான். காற்று நிலத்தில் இருந்து போவதால் காலையில் கரையோரக் கடல் தட்டையாகத் தெரியும். ஏமாந்துவிடக் கூடாது. இந்தக் காற்றில் இன்ஜின் நின்றுபோனால் படகு கரைக்கு வராது, நடுக்கடலை நோக்கித் தள்ளப்படும். சாயங்காலம் மேற்கே கருத்து வரும் இடிமழை, சில நிமிடங்களுக்குப் பேய்க்காற்றை இறக்கிவிட்டுப் போகும்.

அப்புறம் அக்டோபர், நவம்பர், டிசம்பர். கடலோர மாவட்டங்களின் வருஷ மழையில் பாதிக்கும் மேல் கொட்டுவது இந்த மூன்று மாதத்தில்தான். கொண்டலும் வாடையும் கடலில் இருந்து நேராகக் கரையைப் பார்த்து அடிக்கும். நாள் கணக்கில் ஒரே திசையில் அடிப்பதால் அலை பெருத்துக்கொண்டே போகும். புயல்களும் இதே மாதங்களில்தான். 2011 டிசம்பர் 30-ல் தானே, 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே நிவர், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல். மூன்றுமே இந்த மாவட்டத்துக்கு அக்கம்பக்கத்திலேயே கரையேறியவை.

விடியற்காலை 3 மணிக்கு எடுக்கும் முடிவு

துறைமுகம் இருக்கும் ஊரில் படகு தண்ணீரிலேயே நிற்கும். கயிற்றை அவிழ்த்தால் கிளம்பலாம். இங்கே படகு மணல் மேல் இருக்கிறது. அதைத் தள்ளி இறக்கி, அலை உடையும் இடத்தைத் தாண்ட வேண்டும். மொத்தப் பயணத்திலும் உயிருக்குப் பெரிய ஆபத்து அந்தக் கொஞ்ச தூரத்தில்தான். திரும்பி வரும்போதும் அதே. நடுக்கடலில் தாக்குப்பிடிக்கும் படகு, கரைக்குக் கூப்பிடு தூரத்தில் கவிழும். ஒரு சின்னக் குடா இருந்திருந்தால் இந்த ஆபத்தில் பெரும் பகுதி இல்லாமலே போயிருக்கும்.

காற்றின் வேகம் ரெண்டு மடங்கானால் ஆபத்தும் ரெண்டு மடங்கு என்று நினைப்போம். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். மணிக்கு 25 கி.மீ. காற்று 50 ஆனால், அது தள்ளும் விசை நான்கு மடங்கு. அறிக்கையில் ‘45 முதல் 55’ என்று படிக்கும்போது டூவீலரின் ஸ்பீடாமீட்டர் ஞாபகம் வந்து ‘இவ்ளோதானா?’ என்று தோன்றுவது இந்தக் கணக்கு தெரியாததால்தான்.

இப்போது மீனவ இளைஞர்கள் கையிலும் விண்டி ஆப் இருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அதில் கலர் கலராக ஓடும் காற்றுக்குப் பின்னால் இருப்பது உலகளாவிய கணினி மாதிரிகள். அதிகம் நம்பப்படும் ஐரோப்பிய மாதிரியிலேயே ஒரு கட்டத்தின் அகலம் சுமார் 9 கி.மீ. அந்த ஒரு கட்டத்துக்குள் இரண்டு மூன்று குப்பங்கள் அடங்கிவிடும். எந்தக் குப்பத்துக்கு முன்னால் மணல்திட்டு இருக்கிறது, எங்கே அலை இரண்டு முறை உடைகிறது என்பது ஆப்புக்குத் தெரியாது. கரையில் நிற்கும் பெரியவருக்குத் தெரியும். பெரியவருக்குத் தெரியாதது, 600 கி.மீ. தள்ளி இன்றைக்கு உருவான தாழ்வு மண்டலம். ரெண்டும் வேண்டும்.

ரெண்டும் இருந்தும் சறுக்கும் நாள்கள் உண்டு. ஃபெஞ்சல் அதற்குச் சரியான உதாரணம். 2024 நவம்பர் 28-ல், அது புயலாக மாறாமல் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கும் என்ற கணிப்பு இருந்தது. மறுநாளே புயலானது. 30-ம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையேறிய பிறகும் நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்றது. மயிலத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 50 செ.மீ. மழை. கடலைப் பார்த்தே இராத திண்டிவனம், விழுப்புரம் தெருக்களில் தண்ணீர் புகுந்ததும், தென்பெண்ணை பெருகி நெடுஞ்சாலைப் போக்குவரத்து நின்றதும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கடலில் ஒதுங்க இடமில்லாத கரைக்குப் பின்னால்தான் இந்த ஊர்களும் இருக்கின்றன.

65 ரூபாய்

இப்போது பணத்துக்கு வருவோம். தமிழ்நாடு அரசு மீனவர் குடும்பங்களுக்கு இரண்டு முக்கிய உதவித்தொகை தருகிறது. ஒன்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்துக்கு. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் இது 8,000 ரூபாயாக உயர்த்தி அறிவிக்கப்பட்டது. இன்னொன்று, மீன்பிடிப்பு குறைவான மழைக்காலத்துக்கு 6,000 ரூபாய்.

தடைக்காலம் மீன்களின் இனப்பெருக்கத்துக்கானது, அதுவும் விசைப்படகுகளுக்கும் இழுவைப்படகுகளுக்கும்தான். மரக்காணம் கரையில் அதிகம் இருப்பது ஃபைபர் படகுகள். இவர்களைச் சட்டம் நிறுத்துவதைவிட வானிலை நிறுத்துவதுதான் அதிகம். அதற்கான தொகை அந்த 6,000. அக்டோபர் முதல் டிசம்பர் வரை 92 நாள். வகுத்துப் பாருங்கள், நாளைக்கு 65 ரூபாய் சொச்சம். ஒரு குடும்பத்துக்கு. திண்டிவனத்தில் ரெண்டு டீயும் ரெண்டு வடையும் சாப்பிட்டால் அதில் பெரும்பங்கு காலி.

தொகை குறைவு என்பது ஒரு பிரச்னை. இந்தத் தொகைக்கும் எச்சரிக்கைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது அதைவிடப் பெரிய பிரச்னை. ஒரு வருஷம் 10 நாள் எச்சரிக்கை இருந்தாலும் 6,000. 40 நாள் இருந்தாலும் 6,000. மார்ச்சிலோ ஜூலையிலோ எச்சரிக்கை வந்தால் அந்தக் கணக்கிலேயே வராது. எச்சரிக்கையின் செலவு அரசுக்கு எங்குமே தெரிவதில்லை என்பதால், அதைத் துல்லியமாக்க வேண்டும் என்ற அவசரமும் பிறப்பதில்லை. ‘வட தமிழகக் கடலோரப் பகுதிகள்’ என்று ஒரே வரியில் பழவேற்காட்டில் இருந்து கடலூரைத் தாண்டியும் மூடிவிடலாம். கரையில் இருந்து 5 கி.மீ.க்குள் வலை போட்டுத் திரும்பும் ஃபைபர் படகுக்கும், நாள் கணக்கில் ஆழ்கடலில் தங்கும் பெரிய படகுக்கும் ஒரே எச்சரிக்கை.

இதன் விளைவு என்ன? ‘சும்மா சும்மா சொல்றாங்க’ என்று ஒரு முணுமுணுப்பு கரையில் வந்துவிடுகிறது. மூன்று முறை எச்சரிக்கை வந்து மூன்று முறையும் கடல் அமைதியாக இருந்தால், நான்காவது முறை வட்டிக்கு வாங்கிய கடனோடு இருப்பவர் என்ன முடிவெடுப்பார்? வீட்டில் உட்கார்ந்து ‘அறிவிருக்கா இவங்களுக்கு, வார்னிங் கொடுத்தும் போறாங்களே’ என்று கமென்ட் போடுவது ஈஸி. உட்கார்ந்தாலும் சம்பளம் வரும் என்றால் யாரும் போக மாட்டார்கள்.

செய்ய முடியாத காரியமா?

இல்லை. பக்கத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. 2021 அக்டோபர், நவம்பரில் வானிலை எச்சரிக்கைகளால் வேலைநாள் இழந்த மீனவர் குடும்பங்களுக்குத் தலா 3,000 ரூபாய் கொடுக்க கேரள அரசு முடிவு செய்தது. சுமார் 1.59 லட்சம் குடும்பங்கள். இதில் கவனிக்க வேண்டியது தொகையை விட அந்தக் காரணத்தை. ‘எச்சரிக்கையால் இழந்த நாள்’ என்ற ஒன்றை ஓர் அரசு எண்ணிப் பார்த்துப் பணம் ஒதுக்கியது.

தமிழ்நாட்டிலும் கொள்கை அளவில் இது புதிதில்லை. மரக்காணத்தின் இன்னொரு முகம் உப்பளம். மழை வந்தால் உப்பு எடுக்க முடியாது என்பதால் உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தரும் திட்டத்தை மாநில அரசே கொண்டுவந்தது. கொஞ்சம் உள்ளே வந்தால், விவசாயிகளுக்கு வானிலை அளவை வைத்தே இழப்பீடு கணக்கிடும் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் நாட்டில் பல ஆண்டுகளாக இருக்கிறது. அதில் ஆயிரம் ஓட்டை உண்டு, அது வேறு. வானிலையால் போன வருமானத்தை அளக்க முடியும் என்பதை நிலத்தில் ஒப்புக்கொண்ட பிறகு, கடலில் மட்டும் ஏன் முடியாது?

எதிர்க்கேள்விகள் வரும். மீனவரே இல்லாதவர் பட்டியலில் ஏறிவிடுவாரே? தடைக்கால நிவாரணத்துக்கு ஏற்கெனவே பட்டியலும் வங்கிக் கணக்கும் இருக்கின்றன. அதில் இருக்கும் குளறுபடி இதிலும் இருக்கும், கூடுதலாக ஒன்றும் வந்துவிடாது. பணம் வாங்கிக்கொண்டு கடலுக்கும் போனால்? மணலில் நிற்கும் படகு எத்தனை என்று கிராமப் பஞ்சாயத்தாருக்குத் தெரியும். அந்த நாளில் கடலுக்குப் போன படகுக்கு அந்த நாள் தொகை இல்லை என்று வைத்துவிடலாம். பணம் கொடுக்க வேண்டுமே என்று பயந்து எச்சரிக்கையையே குறைத்துவிட்டால்? இதுதான் உண்மையிலேயே யோசிக்க வேண்டிய ஆபத்து. அதனால் எச்சரிக்கை கொடுக்கும் பொறுப்பும் பணம் கொடுக்கும் பொறுப்பும் ஒரே கையில் இருக்கக் கூடாது. இப்போதே அப்படி இல்லை. எச்சரிக்கை தருவது மத்திய அரசின் வானிலை ஆய்வு மையம், பணம் தர வேண்டியது மாநில மீன்வளத் துறை.

‘ஒரு துறைமுகம் கட்டிட்டா முடிஞ்சிடுமே?’

குடா இல்லை என்றால் கட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். கல்லைக் கொட்டி இரண்டு கை நீட்டினால் நடுவில் அமைதியான தண்ணீர். மரக்காணம் பக்கத்து அழகன்குப்பத்திலும், முகத்துவாரத்தின் மறுகரையில் செங்கல்பட்டு மாவட்டத்து ஆலம்பரைக்குப்பத்திலும் 235 கோடி ரூபாயில் மீன்பிடித் துறைமுகங்கள் என்ற திட்டம் இந்த எண்ணத்தில் வந்ததுதான். விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை போனது. துறைமுகம் வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் மீனவர்களிலேயே இருக்கிறார்கள்.

தயக்கத்துக்கு இரண்டு காரணம். ஒன்று, அந்த முகத்துவாரம் கழுவேலியின் மூச்சுக்குழாய். 2021 டிசம்பரில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட சதுப்பு நிலம் அது. அந்தக் கடல்நீர் உள்ளே போய் வருவதை நம்பித்தான் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் இருக்கின்றன, அவற்றை நம்பி உள்நாட்டு மீனவர்கள். இன்னொன்று மணல். இந்தக் கரையில் வருஷக் கணக்குப் பார்த்தால் மணல் தெற்கில் இருந்து வடக்கே நகர்கிறது. நடுவில் கல் போட்டால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். இதைப் புத்தகத்தில் தேட வேண்டாம். 1980-களின் கடைசியில் புதுச்சேரியில் துறைமுகத்துக்குக் கல் கொட்டினார்கள். அதற்கு வடக்கே இருந்த நகரக் கடற்கரை மணலே இல்லாமல் போனது. அங்கே தடுப்புக்கு இன்னும் கல் கொட்ட, அரிப்பு மேலும் வடக்கே நகர்ந்து விழுப்புரம் மாவட்ட எல்லைக்குள் வந்தது. சின்னமுதலியார்சாவடி, தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் பக்கம் கடல் வீட்டு வாசலுக்கு வந்தது இப்படித்தான். ஒரு ஊர் கட்டிய குடாவுக்கு அடுத்த ஊர் தன் கரையைக் கொடுத்தது.

எல்லாத் துறைமுகமும் தப்பு என்று இதற்கு அர்த்தமில்லை. மணலை இயந்திரம் வைத்து வடக்கே கடத்திவிடும் ஏற்பாட்டோடு, அதற்கான பணத்தை ஒவ்வொரு வருஷமும் ஒதுக்கிச் செய்தால் பாதிப்பைக் குறைக்கலாம். அதெல்லாம் முடிய எத்தனை மழைக்காலம் ஆகும் என்று தெரியாது. எச்சரிக்கை நாளுக்குக் கூலி கொடுக்க ஒரு கல்கூடக் கொட்ட வேண்டியதில்லை, ஓர் அரசாணை போதும்.

எந்த நாளுக்குக் கொடுப்பது என்று தேடவும் வேண்டாம். எந்தத் தேதியில், எந்தக் கடலோரத்துக்கு, எத்தனை கி.மீ. காற்றுக்கு ‘செல்ல வேண்டாம்’ என்று சொல்லப்பட்டது என்பது நுங்கம்பாக்கம் அலுவலகத்தின் தினசரி அறிக்கைகளில் வரி வரியாகப் பதிவாகி இருக்கிறது. மீன்வளத் துறை அதில் விழுப்புரம் கரைக்கான நாள்களை எண்ணி, கடந்த மழைக்காலத்தில் இருந்தே ஆரம்பிக்கலாம்.